வாடகை வீட்டின் தூய்மை: குடிபுகும்போதும் காலி செய்யும்போதும்

பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளில் வேலைக்காக வெளியூர்களிலிருந்து வந்து வாடகைக்குக் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பல. வீடு மாறும் நேரத்தில் எழ வேண்டிய கேள்விகள் இரண்டு. புது வீட்டைத் தொழுகைக்கு ஏற்றவாறு எப்படிச் சுத்தம் செய்வது? பழைய வீட்டை எந்த நிலையில் ஒப்படைப்பது? முதல் கேள்வியுடன் பலர் நம்மிடம் வருகிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர் அரிது. ஆனால் இரண்டுமே மார்க்கக் கேள்விகள்தாம்.

அடிப்படை விதி

உறுதியான ஒன்று சந்தேகத்தால் நீங்காது என்பது ஃபிக்ஹின் அடிப்படை. தரை அடிப்படையில் சுத்தமானதே. முன்பு குடியிருந்தவர் பிற சமயத்தவர் என்பதால் வீடு நஜீஸ் ஆகிவிடாது. நஜீஸ் பட்டது உறுதியாகத் தெரிந்தால் அந்த இடத்தைக் கழுவினால் போதும். நபியின் பள்ளியில் ஒரு கிராமவாசி சிறுநீர் கழித்தபோது, அவ்விடத்தில் ஒரு வாளி தண்ணீரை ஊற்றும்படியே நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பள்ளி முழுவதையும் கழுவச் சொல்லவில்லை.

நாய் வளர்த்த வீடு

நாயின் ஈரம் பட்டது உறுதியாகத் தெரிந்த இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபி மத்ஹபில், நஜீஸ் பட்ட தரை காய்ந்து அதன் அடையாளம் நீங்கிவிட்டால் அங்கே தொழலாம். வெறும் சந்தேகத்திற்காக வீடு முழுவதையும் ஏழு முறை கழுவி வருந்த வேண்டியதில்லை.

வெள்ளம் புகுந்த வீடு

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ஊர். 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இங்குள்ள தாழ்வான தெருக்களில் வெள்ளம் சூழ்ந்தது. தரைத்தள வீடு பார்ப்பவர்கள், தண்ணீர் எதுவரை ஏறியது, சம்ப்பில் கழிவுநீர் கலந்ததா என்று அவசியம் கேட்க வேண்டும்.

ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லா (சுமார் 200 லிட்டர்) அளவை எட்டிய தண்ணீரில் நஜீஸ் விழுந்து நிறமோ மணமோ சுவையோ மாறினால்தான் அது அசுத்தமாகும். சம்ப் தண்ணீர் சாக்கடை வாடை அடித்தால் முழுவதையும் இறைத்து, கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டுப் புதுத் தண்ணீர் நிரப்ப வேண்டும். ஒளூவுக்கு ஆகும் தண்ணீர் எல்லாம் குடிக்க ஆகாது என்பதையும் மறக்கக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இயந்திர லாரியை அழையுங்கள். ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஓர் உயிரைப் பணயம் வைப்பதால் மார்க்கப்படியும் பாவம்.

விட்டுச் சென்ற பொருட்கள்

முன்பிருந்தவரின் சாமி படங்கள் சுவரிலோ பரணிலோ இருந்தால் குப்பையில் எறியாதீர்கள். வீட்டுக்காரரிடம் மரியாதையாக ஒப்படையுங்கள்.

காலி செய்யும்போது

அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு அல்லாஹ் ஏவுகிறான் (4:58). வாடகை வீடும் ஓர் அமானிதமே. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், இயல்பான தேய்மானம் தவிர, வாங்கிய நிலையிலேயே வீட்டைத் திருப்பித் தரச் சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வெள்ளையடிப்பதும் கதவு, ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு.

ஆனால் பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது சென்னையில் வழக்கம். தொடக்கத்திலேயே பேசி ஒப்புக்கொண்டிருந்தால் அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது நம் கடமை. பேசாத தொகையைக் கடைசி நாளில் பிடிப்பது பிறர் பொருளை அநியாயமாக எடுப்பதாகும். வீடு வைத்திருக்கும் நம் சகோதரர்களுக்கும் இது பொருந்தும். குடிபுகும் அன்றே சுவர், குழாய், கழிவறை ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து இருவரும் வைத்துக்கொண்டால் பிணக்கு வராது.

வீடு தேடிய ஒரு சகோதரருடன் ஒருமுறை நாமும் சென்றிருந்தோம். "போன தடவை உங்க ஆளுங்களுக்குத்தான் கொடுத்தேன். அவங்க போனப்புறம் சமையலறையைப் பார்த்துட்டு, இனி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்" என்றார் வீட்டுக்காரர். முஸ்லிம் என்பதற்காகவே வீடு மறுக்கும் அநீதியும் நடக்கிறது. ஒருவர் செய்ததற்காக ஒரு சமுதாயத்தையே ஒதுக்குவதும் நியாயமல்ல. ஆனால் அடுத்து வரும் குடும்பத்துக்குக் கதவை அடைக்கும் காரணத்தை நாமே கொடுக்கலாமா?

சாவியைக் கொடுக்கும் முன் அடுப்படி எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். கழிவறையைத் தேய்த்துக் கழுவுங்கள். சுவரில் அடித்த ஆணி ஓட்டைகளை அடையுங்கள். மின்கட்டண, தண்ணீர்க் கட்டண பாக்கியைத் தீருங்கள். பக்கத்து வீட்டாரிடம் விடைபெற்றுச் செல்லுங்கள்.

உள்ளத்தையும் இல்லத்தையும் தூய்மையாக வைத்திருக்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.