திண்ணை அறையான கதை: ஒரு வரலாற்றுப் பார்வை



கூரையிட்ட திண்ணையைச் சுவர் வைத்து அடைத்து, அறையாக்கி வாடகைக்கு விடுவது இன்று நம் கோவையில் அன்றாடக் காட்சியாகிவிட்டது. சிறிய கட்டட வேலையாகத் தோன்றும் இதன் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கின்றது. அதனைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

திண்ணை, வீட்டுக்குரியதாயினும் தெருவுக்கும் உரிமையுடைய இடமாக இருந்தது. வழிப்போக்கர் இளைப்பாறினர், வணிகர் கணக்குப் பார்த்தனர், பிள்ளைகள் எழுத்துப் பயின்றனர். திண்ணைப் பள்ளிக்கூடம் என்ற பெயரே இதற்குச் சான்று. வெயிலையும் சாரலையும் தடுத்து, உள்ளறைகளுக்குக் காற்றை அனுப்பியதும் அதுவே.

இந்நிலையை மாற்றியவை ஆலைகள். 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நூற்பாலையைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. 1901இல் சுமார் 53 ஆயிரமாக இருந்த நகர மக்கள்தொகை, 1951இல் 2 லட்சத்தை நெருங்கியது. வேலை தேடி வந்தோர்க்கு வீடுகள் போதவில்லை. ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் பல குடும்பங்கள் குடியேறின. பல திண்ணைகள் அறைகளாயின. தேவையே இம்மாற்றத்தைச் செய்தது என்பதால் எவரையும் குறைகூற இயலாது.

ஆயினும் நெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையை பிளேக் நோய் மீண்டும் மீண்டும் தாக்கியது. நெருக்கமான பழைய தெருக்களுக்கு வெளியே ஆர்.எஸ்.புரம் போன்ற பகுதிகள் தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். காற்றோட்டமில்லா அறையில் காசநோய் எளிதில் பரவும் என்பதையும் மருத்துவம் உணர்த்துகின்றது. திண்ணையை அடைக்கும்போது ஓர் அறை கிடைக்கின்றது. உள்ளிருக்கும் அறையோ தன் சாளரத்தை இழக்கின்றது.

வாடகைப் பூசல்கள் பெருகவே, 1946இலும் 1949இலும் சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. அடுத்து வந்த 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நுட்பமான நீதியைக் கூறியது. நியாய வாடகை நிர்ணயிக்கப்பட்டபின் புதிய அறையைக் காட்டி அதனை உயர்த்த வேண்டுமாயின், வேலை வீட்டுக்காரரின் செலவில் நடந்திருக்க வேண்டும். வீட்டில் ஆள் குடியிருந்தால் அவரே கேட்டுக்கொண்டதாகவும் இருக்க வேண்டும். மாறாக, இடமோ வசதியோ குறைந்தால் வாடகையைக் குறைக்கவும் அச்சட்டம் வழி வைத்தது.

அச்சட்டத்தை நீக்கிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருத்தல் இப்போது கட்டாயம். கூடுதல் கட்டுமானத்திற்காக வாடகையை உயர்த்துவதாயின், வேலை தொடங்கும் முன்னரே இருதரப்பும் தொகையை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இரு சட்டங்களும் கேட்பவை ஒன்றே: செலவு யாருடையது? சம்மதம் யாருடையது? இவ்விரண்டும் வாய்ப்பேச்சில் நின்றுவிடும்போதுதான் உறவினரும் அண்டை வீட்டாரும் பகைவராகின்றனர். குடியிருப்பவர் தம் பணத்தில் அறை கட்டி, வெளியேறும்போது அதன் மதிப்பைக் கேட்கிறார். வீட்டுக்காரர் அறியேன் என்கிறார். இருவர் கூற்றுக்கும் எழுத்து இல்லை.

ஆகவே, வீட்டுக்காரர்களே! குடியிருப்போரே! முதல் செங்கல்லை வைக்கும் முன் செலவு, வாடகை, வெளியேறும்போது கணக்குத் தீர்க்கும் முறை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிடுங்கள். மாநகராட்சியின் அனுமதியையும் சொத்துவரியையும் கேட்டறியுங்கள். உள்ளறைக்குக் காற்று வரும் வழியை வேறொரு பக்கம் திறந்து வையுங்கள். வாடகை வீடு இருவர் கையிலும் உள்ள அமானிதம். திண்ணை மறைந்தாலும், அது வளர்த்த நல்லுறவு மறைய வேண்டியதில்லை.