பல்சூழ் இழைநார் ஸ்டெம் செல்கள்

பல்லின் வேருக்கும் தாடையெலும்புக்கும் நடுவே, ஏறத்தாழ 0.2 மி.மீ. அகலமே உள்ள இழைநாரில் இருக்கும் ஸ்டெம் செல்கள். ஈறுநோய் முற்றிப் பல் ஆடத் தொடங்கும்போது இந்த இழைநார், வேரைப் போர்த்திய சிமென்டம், சுற்றியுள்ள எலும்பு மூன்றுமே அழிந்திருக்கும். பற்காரையை நீக்கினால் நோய் அடங்கும்; ஆனால் இழந்தது பெரும்பாலும் மீளாது. ஈற்றின் மேல்தோல் செல்கள் முந்திக்கொண்டு வேரின்மேல் இறங்கிவிடுவதால், மெதுவாக வளரும் இழைநாருக்கு இடம் கிடைப்பதில்லை.

2004இல் பியுங்-மூ சியோ, சோங்டாவ் ஷி உள்ளிட்டோர் அமெரிக்காவில், பிடுங்கிய ஞானப்பற்களின் வேர்ப்பரப்பைச் சுரண்டி இச்செல்களைப் பிரித்தெடுத்தனர். எலிகளில் பதித்தபோது சிமென்டமும் இழைநாரும் போன்ற திசு உருவானது.

டோக்கியோ பெண்கள் மருத்துவப் பல்கலைக்கழகம் இச்செல்களை நோயாளிகள்வரை கொண்டுசென்றது. சூடு குறைந்ததும் பிடியை விட்டுவிடும் தனிவகைத் தட்டில் நோயாளியின் சொந்தச் செல்களைப் படலமாக வளர்த்து, கிழியாமல் எடுத்து வேரில் ஒட்டினர்; எலும்புக் குழியைக் கால்சியம் பாஸ்பேட் துகளால் நிரப்பினர். 2018இல் வெளியான முடிவுகள் நம்பிக்கை தருபவையே. ஆனால் பங்கேற்றவர்கள் 10 பேர்தான், ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. வளர்ந்த எலும்பில் செல்லின் பங்கு எவ்வளவு, துகளின் பங்கு எவ்வளவு என்று இந்த ஆய்வைக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது.