முற்றுப்பெறாத எண்

கம்ப்யூட்டர் நிரல்களுக்குப் பதிப்பு எண் இடும் வழக்கத்தில் ஒரு நம்பிக்கை பதுங்கியிருக்கிறது. புள்ளிக்கு முன்னுள்ள எண் ஏறினால் பெரிய மாற்றம். பின்னுள்ளது ஏறினால் சிறு திருத்தம். இரண்டு ஒன்றைவிட மேல், மூன்று இரண்டைவிட மேல். வியாபாரம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. விண்டோஸ் 3.1க்குப் பிறகு, 1995இல், மைக்ரோஸாஃப்ட் காலண்டரையே பெயராக்கிவிட்டது. லினக்ஸில் இரண்டாவது எண் இரட்டைப்படையானால் நம்பத்தக்கது, ஒற்றைப்படையானால் சோதனைக்குரியது என்றிருந்த ஒழுங்கும் பின்னர் கைவிடப்பட்டது. 2011இல் 2.6.39ஐ அடுத்து 3.0 வந்தபோது பெரிதாக ஒன்றும் மாறவில்லை, எண்கள்தாம் நீண்டுவிட்டன என்று லினஸ் டார்வால்ட்ஸே சொன்னார். நேர்மைதான். ஆனால் எண் அங்கே வெறும் எண்.

டொனால்ட் க்னூத் செய்தது வேறு காரியம். கம்ப்யூட்டர் நிரலாக்கம் பற்றிய தம் பெருநூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்காக 1977இல் வந்த அச்சுப்படிகளை அவரால் சகிக்க முடியவில்லை. ஈய அச்சின் அழகு ஒளியச்சில் போய்விட்டிருந்தது. நூலை அப்படியே வைத்துவிட்டு, அச்சுக்கோக்கும் நிரல் ஒன்றை எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக். சீக்கிரம் முடியும் என்று நினைத்த வேலை பத்து வருஷங்களுக்கு மேல் தின்றது. 1990இல் பதிப்பு 3 வந்ததும், இனிப் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, பிழை மட்டுமே திருத்தப்படும் என்றார். அதிலிருந்து ஒவ்வொரு திருத்தத்துக்கும் 'பை' என்னும் கணித மாறிலியின் ஓர் இலக்கம் கூடுகிறது: 3.1, 3.14, 3.141. 2021இல் அது 3.141592653. அடுத்த திருத்தத்துக்கு அவர் குறித்திருக்கும் ஆண்டு 2029.

எண் ஏறுகிறது என்பது இங்கே பேருக்குத்தான். ஒவ்வொரு இலக்கமும் முந்தையதைவிட அற்பமான ஸ்தானத்தில் விழுகிறது. இது வளர்ச்சி அல்ல, அணுகுதல். அணுகப்படுவதோ முடிவில்லாத எண். தாம் இறந்ததும் பதிப்பு எண் 'பை'யாகவே ஆகிவிட வேண்டும், எஞ்சிய பிழைகள் அன்றுமுதல் பிழைகள் அல்ல, நிரலின் இயல்புகள் என்பது அவர் எழுதிவைத்திருக்கும் ஏற்பாடு. மாற்ற விரும்புகிறவர் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

பிரதி ஆசிரியனோடு முடிந்துவிட வேண்டும் என்பதில் ஆணவம் இல்லையா? இருக்கிறது. ஆனால் நாம் மறுபதிப்பில் கவிதை வரிகளை ஓசைப்படாமல் மாற்றிவிட்டு 'இரண்டாம் பதிப்பு' என்று மட்டும் போடுகிறவர்கள். க்னூத் 1978 முதல் தம் பிழைகளை ஒவ்வொன்றாகக் குறித்துவைத்து 1989இல் பட்டியலாகவே அச்சிட்டார். புதுப் பிழை கண்டு சொன்னவர்களுக்குத் தம் கையால் காசோலை எழுதினார், தொகை 327.68 டாலர் வரை ஏறியது. பலர் அதை மாற்றாமல் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார்கள்.