இருபத்தொரு பட்டங்கள்

ஐரோப்பிய ஜூடோ சாம்பியன்ஷிப்பின் பழைய முடிவுகளைப் புரட்டினால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்: அன்டோன் கீசிங்க். 1952 முதல் 1967 வரை அவர் வென்றவை 21 பட்டங்கள். பதினாறு ஆண்டுகளில் 21 எப்படிச் சாத்தியம்?

போட்டி நடந்த முறைதான் காரணம். 1951-இல் பாரிசில் இந்தச் சாம்பியன்ஷிப் தொடங்கியபோது எடைப் பிரிவு என்ற பேச்சே இல்லை. கருப்பு பெல்ட்டில் எத்தனையாவது டான் (தரநிலை) என்று பார்த்து வீரர்களைப் பிரித்தார்கள். அதுபோக, யாரும் யாருடனும் மோதலாம் என்ற திறந்த பிரிவும் இருந்தது. ஆகவே, வல்லவர் ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டு பட்டங்களோடு ஊர் திரும்பலாம்.

எடையைப் பொருட்படுத்தாததற்கு ஜூடோவின் அடிப்படையே காரணம். எதிராளியின் பலத்தை அவருக்கு எதிராகவே திருப்புவதுதான் 1882-இல் ஜிகோரோ கானோ டோக்கியோவில் தொடங்கிய கோடோகான் ஜூடோ பள்ளியின் பாடம். நுட்பம் கைவந்தவரை உடல் பருமன் என்ன செய்துவிடும் என்று ஜப்பான் உறுதியாக நம்பியது.

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக்காரரான கீசிங்கின் உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். ஆனால் உருவத்தால் மட்டுமே வென்றார் என்பது அநியாயம். ஜப்பானுக்கே போய் அங்குள்ளவர்களோடு மோதிப் பழகியவர் அவர். 1961-இல் பாரிசில் நடப்பு உலக சாம்பியன் கோஜி சோனேயை வீழ்த்தினார்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஜூடோ முதன்முதலாக இடம்பெற்றது. மூன்று எடைப் பிரிவுகளிலும் தங்கம் ஜப்பானுக்கே. மீதமிருந்தது திறந்த பிரிவு. புடோகான் அரங்கில் அகியோ காமினாகாவை ஒன்பது நிமிடங்களுக்கு மேல் எதிர்கொண்ட கீசிங்க், கடைசியில் அவரைத் தரையில் மல்லாத்தி, கழுத்தைச் சுற்றி ஒரு கையைப் போட்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டார். காமினாகாவால் அசைய முடியவில்லை. மகிழ்ச்சியில் மேடைக்கு ஓடிவந்த நெதர்லாந்து ரசிகர்களைக் கையை உயர்த்தித் தடுத்து, தோற்றவருக்கு முறைப்படி தலைவணங்கினார். ஜப்பானியர்கள் அவரைக் கடைசிவரை மதித்தது அந்தக் கணத்துக்காகவும்தான்.

உலகம் டோக்கியோவை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்த வெற்றிக்கான உழைப்பு, கூட்டம் குறைந்த ஐரோப்பிய அரங்குகளில் ஆண்டுக்கணக்கில் நடந்தது.

கீசிங்கின் நாட்டுக்காரரான விம் ருஸ்கா 1972 ஒலிம்பிக்கில் அதிக எடைப் பிரிவு, திறந்த பிரிவு இரண்டிலும் தங்கம் வென்றார். 1984-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் திறந்த பிரிவே எடுக்கப்பட்டுவிட்டதால், அந்த இரட்டைத் தங்கம் இன்றுவரை அவர் ஒருவரிடமே இருக்கிறது.