கடைமடையிலிருந்து ஒரு சரித்திரம்

1

திருச்சிக்காரர்களில் பெரும்பாலோருக்குத் துவாக்குடி ஓர் ஊர் அல்ல, பஸ் போர்டு. சத்திரம் பஸ் நிலையத்தில் நிற்கிற வண்டியின் நெற்றியில் எழுதியிருக்கும். ஏறுகிறவர்களில் அநேகர் பால்பண்ணையிலோ, அரியமங்கலத்திலோ, திருவெறும்பூரிலோ, பாய்லர் தொழிற்சாலை வாசலிலோ இறங்கிவிடுவார்கள். கடைசி நிறுத்தம் என்பதால் எல்லோருக்கும் தெரிந்த பெயர். கடைசி என்பதாலேயே யாரும் விசாரிக்காத பெயர்.

திருச்சியின் சரித்திரத்தை எழுத முற்படுகிறவர்கள் முதலில் மலைக்கோட்டையின் மேல் ஏறி நின்றுகொள்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வடக்கே காவிரியும் கொள்ளிடமும், நடுவில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்களும் தெரியும். ஆகவே சரித்திரம் மகேந்திரவர்மனின் குகையில் ஆரம்பித்து, நாயக்கர்களைத் தொட்டு, சந்தா சாகிப்பையும் கிளைவையும் கடந்து, கண்டோன்மென்ட்டில் வந்து முடிந்துவிடுகிறது. 1928க்குப் பிறகு நடந்தது எல்லாம் சரித்திரம் அல்ல, நகராட்சிச் செய்தி என்று ஒதுக்கிவிடுவது நமக்குப் பழகிப்போயிருக்கிறது.

இலக்கியத்திலும் இதே நிலைதான். 1942இல் ‘கலாமோகினி’ புறப்பட்ட ஊர் இது. துறையூரில் ‘கிராம ஊழியன்’ நடந்தது. திருலோக சீதாராம் ‘சிவாஜி’யை இங்கிருந்து நடத்தினார். பிற்பாடு சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்ற பெரிய தொழிற்சாலையில் என்ஜினியராக இருந்துகொண்டு, ஸ்ரீரங்கத்துத் தெருக்களை எழுதினார். அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் நம் எழுத்துக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. நினைவு என்றால் அக்ரகாரம், ஆறு, கோபுரம். தொழிற்சாலை என்றால் பிழைப்பு, அதற்கு நினைவு கிடையாது. இந்தப் பிரிவினையைத்தான் நான் சந்தேகிக்கிறேன். கிழக்கே பதினைந்து கிலோமீட்டர் போய், துவாக்குடியில் நின்றுகொண்டு மேற்கே பார்த்தால் இந்த நகரம் எப்படித் தெரிகிறது என்பதுதான் என் கேள்வி.

2

உய்யக்கொண்டான் வாய்க்கால் பேட்டைவாய்த்தலையில் காவிரியை விட்டுப் பிரிகிறது. ராஜராஜன் காலத்தில் வெட்டப்பட்டது என்பது மரபு. உய்யக்கொண்டான் என்பது அவனுடைய விருதுப் பெயர்களில் ஒன்று. ஆற்றுக்குத் தெற்கே, நிலத்தின் வாட்டத்தை அனுசரித்து வளைந்து வளைந்து வந்து, புத்தூர் ஆறுகண்ணைத் தாண்டி, நகரத்தின் நடுவில் புகுந்து பாலக்கரையைக் கடந்து, அரியமங்கலம் பக்கமாக வெளியேறி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் ஓடிய பிறகு வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. வாழவந்தான்கோட்டை துவாக்குடிக்குப் பக்கத்து ஊர். இடையில் 30,000 ஏக்கருக்கு மேல் இந்த வாய்க்கால் தண்ணீர் பாய வேண்டும்.

வாய்க்காலைத் தலைமடையிலிருந்து பார்த்தால் அரசன் தெரிவான். அவனுடைய பெயர், கருணை, பொறியியல் ஞானம் எல்லாம் தெரியும். கடைமடையிலிருந்து பார்த்தால் தெரிவது வேறு. மேலே எத்தனை மதகுகள், எந்த மதகு ராத்திரியில் திறந்தது, எங்கே தூர் வாரவில்லை, எங்கே கரை உடைந்தது என்பதெல்லாம் கடைசி வயலுக்கு வந்து சேரும் தண்ணீரில் எழுதப்பட்டிருக்கும். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு ஜூன் 12 என்கிற திறப்புத் தேதி பத்திரிகைகளுக்குத் தலைப்புச் செய்தி ஆயிற்று. கடைமடைக்காரனுக்கு அது வெறும் வதந்தி. தண்ணீர் அவன் காலை நனைக்கிற நாள்தான் தேதி.

வாய்க்காலின் வாலில் ஓர் ஏரி இருப்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. வந்தபோது வாங்கி வைத்துக்கொண்டு, வராதபோது கொடுப்பது ஏரியின் காரியம். கடைசியில் இருக்கிறவனுக்கு ஒழுங்காக எதுவும் வந்து சேராது என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஒரு ஏற்பாடு அது. பிற்காலத்து நிர்வாகங்கள் எதிலும் இந்த ஒப்புதலை நான் காணவில்லை. இன்று நகரத்தின் சாக்கடைகள் வழிநெடுக உய்யக்கொண்டானில் இறங்குகின்றன. தண்ணீர் குறைகிறது என்பது பழைய புகார். வந்து சேர்கிற தண்ணீரில் நகரமே கரைந்திருக்கிறது என்பது புதுப் புகார்.

தண்ணீர் கிழக்கே வந்தது. நெல் மேற்கே போயிற்று. தஞ்சாவூர்ச் சாலையின் பழைய சரித்திரம் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும். 1750களில் திருச்சிக் கோட்டைக்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் அடித்துக்கொண்டபோது சண்டையின் கணிசமான பகுதி கோட்டை வாசலில் நடக்கவில்லை; கிழக்கேயும் தெற்கேயும் உள்ள வெளியில் நடந்தது. தஞ்சாவூரிலிருந்தும் தொண்டைமான் சீமையிலிருந்தும் வருகிற தானிய வண்டிகளை மறிப்பதும் காப்பதும்தான் யுத்தம். ராபர்ட் ஆர்ம் தன் சரித்திரத்தில் ‘எல்மிசெரம்’ என்று எழுதுவது திருவெறும்பூர்க் குன்றை. அப்பர் பாடிய தலம், ஆதித்த சோழன் காலத்திலிருந்து கல்வெட்டுகள் உள்ள கோயில் அப்போது ராணுவக் காவல்நிலை. 1752இல் அது பிரெஞ்சுத் தரப்பிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன்பின் இரண்டே மாதத்தில் ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படை சரணடைந்தது. சந்தா சாகிப்பின் தலை போயிற்று. சரித்திரப் புத்தகம் தலை விழுந்ததை எழுதும். வண்டிகள் வந்த சாலையை எழுதாது.

1862இல் நாகப்பட்டினத்து ரயில் தஞ்சாவூரைத் தாண்டித் திருச்சியைத் தொட்டபோது இந்தப் பழைய வழியை ஒட்டியே இரும்பு போடப்பட்டது. அதே நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை பொன்மலைக்கு மாறியது 1928இல். நகரம் கிழக்கே நகரத் தொடங்கியது அன்றிலிருந்து. அந்த நகர்வின் முதல் ரத்தமும் பொன்மலையில்தான் சிந்தியது. 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளிகள் செத்தார்கள். சுதந்திரம் வருவதற்கு ஒரு வருஷம்கூட இல்லாத நேரம்.

3

பாய்லர் தொழிற்சாலை வந்த கதையை இங்கே எல்லோரும் ஒரே மாதிரி சொல்வார்கள். செக்கோஸ்லோவாக்கியா நிபுணர்கள் தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, தோதான இடமில்லை என்று திரும்பப் போனார்களாம். காமராஜர் அதிகாரிகளைக் கூப்பிட்டு, காவிரி பக்கத்தில் இருக்கிறது, ரயில் இருக்கிறது, திருவெறும்பூரில் பொட்டல் காடாகக் கிடக்கிறதே, அதைக் காட்டினீர்களா என்று கேட்டாராம். கதை நன்றாக இருக்கிறது. மனுஷர் தன் நாட்டை வரைபடத்தில் அல்ல, காலால் அறிந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல கதை வேண்டாம். இது எவ்வளவு தூரம் நடந்தது என்று துருவுவதில் எனக்கு அக்கறை இல்லை. அந்தக் கதையில் வருகிற ‘பொட்டல்’ என்கிற சொல்தான் என்னை நிறுத்துகிறது.

வாய்க்கால் ஏறாத மேட்டு நிலம் வரித் தீர்வையின் கண்ணில் தரிசு. அங்கே ஆடு மேய்ந்தது. கம்பும் கேழ்வரகும் விளைந்தது. மழைத் தண்ணீர் அந்த மேட்டிலிருந்துதான் குளங்களுக்கு வடிந்தது. நன்செய்க்குக் கல்வெட்டு உண்டு, புன்செய்க்கு இல்லை. கல்வெட்டு இல்லாத நிலத்தைக் காலி நிலம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஒவ்வொரு புது நகரத்தின் ஸ்தல புராணமும் ‘இங்கே முன்பு ஒன்றுமில்லை’ என்றுதான் தொடங்குகிறது.

எப்படியானாலும் அந்தப் பத்து வருஷத்தில் நடந்தது சாதாரண காரியம் அல்ல. 1961இல் அஸ்திவாரக் கல். 1965இல் உயர் அழுத்தக் கொதிகலன் உற்பத்தி தொடங்கியது. அதற்கு முந்தின வருஷம், 1964இல், துவாக்குடியில் மண்டலப் பொறியியல் கல்லூரி (2003இல் அது தேசிய தொழில்நுட்பக் கழகம் ஆயிற்று). 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை. கைலாசபுரம் என்று ஒரு நகரியம், தெருப் பெயர்களுக்குப் பதில் செக்டர் எழுத்துக்கள். ஜாதிப் பெயரில் தெரு இருந்த ஜில்லாவில், ஆங்கில எழுத்தை விலாசமாகக் கொண்டு ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. இதை யாரும் புரட்சி என்று சொல்லவில்லை. எனக்கு அது ஒரு சின்னப் புரட்சியாகவே படுகிறது. ஆனால் வீட்டின் அளவு கிரேடைப் பொறுத்தது. தெருவில் ஒழிந்தது சம்பளப் பட்டியலில் வேறு ரூபத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த மண்ணுக்கு ஒரு புதுக் கைத்தொழிலும் வந்து சேர்ந்தது: பற்றவைப்பு. கொதிகலன் என்பது ஆயிரக்கணக்கான குழாய்களின் மூட்டு. ஒரு மூட்டு கசிந்தால் முழு மின்நிலையம் நிற்கும். ஆகவே வெல்டரின் கை நடுங்கக்கூடாது. அவன் வைத்த தையலை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். 1975இல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையமே இங்கே ஏற்பட்டது. சோழர் காலத்து வெண்கலச் சிற்பியைப் பற்றி நாம் எழுதிக் குவித்திருக்கிறோம். உலோகத்தை உருக்கிச் சேர்க்கும் இன்னொரு பெரிய கைத்திறன் நம் கண்ணெதிரே, நம் காலத்தில், இந்தச் சாலையில் உருவானது. அதற்கு ஒரு பாராட்டுரைகூட நம்மிடம் இல்லை.

4

பெரிய தொழிற்சாலையைச் சுற்றிச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. துவாக்குடித் தொழிற்பேட்டையிலும் வாழவந்தான்கோட்டையிலும் துணைத் தொழிற்கூடங்கள். இரும்பு பெரிய தொழிற்சாலையிலிருந்து வரும். வெட்டி, வளைத்து, பற்றவைத்துத் திருப்பிக் கொடுத்தால் டன் கணக்கில் கூலி. பட்டறை முதலாளி தன் வேலையில் ஒரு பங்கை இன்னொரு சிறு பட்டறைக்குக் கொடுப்பார். அவர் காண்ட்ராக்டரிடம் ஆள் கேட்பார். காண்ட்ராக்டர் வெல்டரை, ஃபிட்டரை, கிரைண்டர் பிடிக்கிறவனைக் கூட்டி வருவார்.

இதை யோசித்துப் பார்த்தபோது எனக்குப் பழைய வாய்க்கால் ஞாபகம் வந்தது. இது முறைப்பாசனமேதான். தலைமதகு டெல்லியில், பிறகு மதகுக்கு மதகு, மடைக்கு மடை, கடைசியில் தினக்கூலிக்கு வந்த ஒருவனுடைய கை. ஒரே ஒரு வித்தியாசம். பழைய வாய்க்காலின் முடிவில் ஏரி இருந்தது. இதன் முடிவில் ஏரி இல்லை. 2010களில் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் வற்றியபோது பெரிய தொழிற்சாலை இளைத்தது. சின்னப் பட்டறைகள் செத்தன. வங்கிக் கடன் வாராக்கடன் ஆயிற்று. லேத்தும் பிளேட் வளைக்கும் யந்திரமும் பழைய இரும்பு விலைக்குப் போயின. மறுபடி ஆர்டர் வரலாம், வருகிறது என்றும் சொல்கிறார்கள். ஆனால் வற்றிய காலத்தில் கலைந்துபோன கைகள் அந்த ஆர்டரோடு திரும்பி வருவதில்லை.

சாலையின் கதையும் வேறல்ல. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை 14.5 கிலோமீட்டருக்கு நான்கு வழிச் சாலை போட்டார்கள். இரண்டு பக்கமும் அணுகுசாலை போடவில்லை. வீட்டிலிருந்து கடைக்குப் போகிறவனும், சென்னையிலிருந்தோ நாகையிலிருந்தோ விரைகிறவனும் ஒரே தார்ப்பரப்பில் சந்திக்க நேர்ந்தது; அடிபட்டுச் செத்தவர்கள் உண்டு. குடியிருப்போர் அணுகுசாலை கேட்டுப் போராடினார்கள். இடம் போய்விடும் என்று கடைக்காரர்கள் எதிர்த்தார்கள். விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. சாலையை வரைந்தவர்கள் தூரத்தை மட்டும் பார்த்தார்கள், ஊரைப் பார்க்கவில்லை என்பதுதான் அடிப்படை. துவாக்குடியில் தொடங்கி பஞ்சப்பூர் வழியாக ஜீயபுரம் போகும் அரைவட்டச் சாலையோ ஏரிகளின் குறுக்கே வரையப்பட்டு, எதிர்ப்பினால் வருஷக்கணக்கில் நின்றது. காலி என்று நினைத்துக் கோடு போட்ட இடமெல்லாம் ஏரியாக இருந்தது. ‘பொட்டல்’ என்ற அதே சொல்லின் இன்னொரு பிரயோகம் இது.

1994இல் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டு திருச்சி மாநகராட்சி ஆனது. 2011இல் திருவெறும்பூர் உள்ளே போயிற்று. எல்லைக் கல் கிழக்கே நகர்ந்துகொண்டே வருகிறது. நிலத்தின் விலை அதற்கு முன்னதாகவே வந்து காத்திருக்கிறது.

வாழவந்தான்கோட்டையில் ஏரியும் தொழிற்பேட்டையும் மட்டுமல்ல, இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கிறது. 1983க்குப் பின் அலை அலையாகக் கடல் தாண்டி வந்தவர்களுக்கென்று தமிழ்நாட்டில் ஏற்பட்ட பல முகாம்களில் ஒன்று. 2021இல் அரசாங்கம் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. இந்த மாதிரி முகாம்களிலேயே பிறந்து வளர்ந்து, தானும் பிள்ளை பெற்று, இன்னும் எந்தத் தேசத்துக்கும் பிரஜையாகாத மனிதர்கள் இருக்கிறார்கள். பெயர்க்காரணம் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனால் ‘உய்யக்கொண்டான்’ என்று ஒரு வாய்க்காலும் ‘வாழவந்தான்’ என்று ஓர் ஊரும் சந்திக்கிற இடத்தில், பிழைக்க வந்தவர்களுக்கு முழு வாழ்வு இன்னும் வந்து சேரவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

திருச்சியின் சரித்திரத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்று நான் கோரவில்லை. மலைக்கோட்டை இருந்த இடத்தில் இருக்கட்டும். நிற்கிற இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே என் கட்சி. ஒரு நகரம் தன்னைப் பற்றி உச்சியில் என்ன சொல்லிக்கொள்கிறது என்பது ஒன்று. அதனுடைய கடைசி மடையில் என்ன வந்து சேர்கிறது என்பது வேறொன்று. தண்ணீரோ, கூலியோ, சாலையோ, பிரஜா உரிமையோ, எல்லாவற்றுக்கும் கணக்கு அங்கேதான் தீர்கிறது. அந்தக் கணக்கைப் படிக்க கவிகளும் கதைக்காரர்களும் சத்திரத்தில் பஸ் ஏறினால் போதும். ஆனால் நடுவில் இறங்கிவிடக்கூடாது.