எதிர்ப்பற்ற குழந்தைகள் திறந்த வழி

1945 ஆகஸ்ட் மாதம் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்த கணத்தில் மாண்டவர்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணத்தில் தப்பியவர்களில் ஒரு பகுதியினர் சில வாரங்கள் கழித்து மாண்ட விதம் பற்றி எழுதப்பட்டது குறைவு. வெளிக்காயம் ஏதும் இல்லாதவர்களுக்கும் தலைமயிர் உதிர்ந்தது. முரசிலிருந்து குருதி கசிந்தது. சாதாரண கிருமித் தொற்றுக்கூட உயிரைப் பறித்தது. கதிர்வீச்சு அவர்களுடைய என்புகளுக்குள் இருந்த மச்சையை அழித்துவிட்டிருந்தது. தமிழகத்தில் எலும்பு மஜ்ஜை என்றும், எமது பாடநூல்களில் என்பு மச்சை என்றும் அழைக்கப்படும் அந்த மென்மையான பொருளே குருதியின் விளைநிலம். செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு ஆகிய மூன்றும் பிறப்பது அங்கேதான்.

அழிந்த மச்சையை மீண்டும் உண்டாக்க முடியுமா என்ற கேள்வி அந்த மரணங்களின் பின்னரே அவசரமானது. மனிதனைக் கொல்வதற்கென உருவாக்கப்பட்ட ஆயுதம் ஒன்றின் நிழலிலேயே, இன்று குருதி மூலக்கல மாற்றுச் சிகிச்சை எனப்படும் மருத்துவம் வளரத் தொடங்கியது.

நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானம் எனக்குப் பத்திரிகைத் தொழில் கற்பித்த பாடம். வெளிநாட்டுச் செய்திப் பக்கத்திற்காக மருத்துவச் செய்திகளை மொழிபெயர்த்த காலத்தில், இச்சிகிச்சையை நாங்கள் எப்போதும் குருதிப் புற்றுநோயோடு மட்டுமே சேர்த்து எழுதினோம். ஏனைய பத்திரிகைகளும் அவ்வாறே எழுதின. ஆனால் ஒத்த இரட்டையர் அல்லாத ஒருவரிடமிருந்து பெற்ற மச்சை நிலைத்து நின்ற முதல் வெற்றி, புற்றுநோயாளர்களிடத்தில் கிடைத்ததன்று. நோயெதிர்ப்பு ஆற்றல், அதாவது நிர்ப்பீடனம், பிறவியிலேயே இல்லாத குழந்தைகளிடத்தில்தான் அது கிடைத்தது. அந்தக் குழந்தைகளின் கதையே இக்கட்டுரை.

தொடக்கம் எலிகளிடமிருந்து. 1949 இல் சிக்காகோவைச் சேர்ந்த லியோன் ஜேக்கப்சன், எலியின் மண்ணீரலை ஈயத்தால் மறைத்துவிட்டு உடலின் எஞ்சிய பகுதிக்கு மரண அளவில் கதிர்வீச்சைப் பாய்ச்சினார். எலி பிழைத்தது. 1951 இல் ஈகன் லோரன்ஸ், கதிர்வீச்சுக்குள்ளான விலங்குகளுக்கு மச்சையை ஊசி மூலம் செலுத்தியும் காப்பாற்றலாம் என்று காட்டினார். மச்சையில் உள்ள ஏதோ ஒரு சுரப்பு காப்பாற்றுகிறதா, அல்லது மச்சைக் கலங்களே குடியேறி வாழ்கின்றனவா என்று சில ஆண்டுகள் வாதம் நடந்தது. 1956 இல் பிரித்தானியாவின் ஹாவெல் ஆய்வு நிலையத்தினர், நிறமூர்த்தங்களை அடையாளமாகக் கொண்டு ஆராய்ந்து, குடியேறுபவை கலங்களே என்று தீர்த்து வைத்தனர். 1961 இல் ரொரன்ரோவில் ஜேம்ஸ் ரில், ஏர்னஸ்ற் மக்கலொக் ஆகிய இருவரும் ஒரே ஒரு கலத்திலிருந்து பலவகைக் குருதிக் கலங்கள் பெருகுவதைக் கண்டனர். மூலக்கலம் என்ற எண்ணத்திற்கு அன்றுதான் கண்கூடான சான்று கிடைத்தது.

எலியில் எளிதாக நடந்தது மனிதனில் நடக்கவில்லை. 1957 இல் அமெரிக்க மருத்துவர் டொனல் தோமஸ், ஆறு நோயாளர்களுக்கு மச்சை செலுத்திய விபரத்தை வெளியிட்டார். அவர்களுள் எவரும் நூறு நாட்களுக்கு மேல் வாழவில்லை. 1958 இல் யூகோஸ்லாவியாவின் வின்சா அணு உலையில் விபத்து நிகழ்ந்தது. கதிர்வீச்சுக்குள்ளானவர்கள் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டனர். மருத்துவர் ஜோர்ஜ் மத்தே, அவர்களுள் ஐவருக்குப் பிரெஞ்சுக் கொடையாளிகளின் மச்சையைச் செலுத்தினார். நால்வர் பிழைத்தனர். ஆயினும் செலுத்திய மச்சை நிலைக்கவில்லை. அது சிறிது காலம் தாங்கிப் பிடித்ததா, அவர்களுடைய சொந்த மச்சையே மீண்டதா என்ற விவாதம் தொடர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் செய்யப்பட்ட ஏறத்தாழ இருநூறு சிகிச்சைகளை 1970 இல் தொகுத்துப் பார்த்தபோது, அநேகமாக எல்லாமே தோல்வி. பலர் இத்துறையையே கைவிட்டுச் சென்றனர்.

தோல்விக்குக் காரணம் இருமுனைப் போர். நோயாளியின் உடல், வந்த கலத்தை அந்நியன் என்று கண்டு அழிக்கும். உடலை அடக்கி வைத்தாலோ, வந்த கலம் வேரூன்றி, தான் குடியேறிய உடலையே அந்நியம் என்று கருதித் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். பிற உறுப்பு மாற்றங்களில் முதலாவது ஆபத்தே பெரிது. மச்சை மாற்றத்தில் இரண்டும் பெரிது. ஏனெனில் இங்கே மாற்றப்படுவது நோயெதிர்ப்புப் படையேதான். தன்னையும் பிறரையும் இக்கலங்கள் எதைக் கொண்டு பிரித்தறிகின்றன? 1958 இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஜோன் தொசே, வெண்குழியங்களின் மேற்பரப்பில் உள்ள அடையாளங்களுள் முதலாவதைக் கண்டறிந்தார். எச்.எல்.ஏ. எனப்படும் அந்த அடையாளத் தொகுதி தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி வருகிறது. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று.

இந்த இடத்தில்தான் அந்தக் குழந்தைகள் வருகிறார்கள். 1950 இல் சுவிற்சர்லாந்து மருத்துவர்கள் இருவர், குருதியில் நிணநீர்க் குழியங்கள் அற்ற நிலையில், தொற்றுக்கு மேல் தொற்று வந்து இறந்த பச்சிளங்குழந்தைகளைப் பற்றி எழுதினர். கடும் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாடு என்று இன்று அழைக்கப்படும் நோய் அது. தொண்டையில் வெண்படை, ஓயாத வயிற்றோட்டம், சளிச்சுரம் என்று வந்து, ஒரு வயது நிறையும் முன் மரணம். ஆனால் இந்தக் குழந்தைகளின் குறையிலேயே ஒரு வாய்ப்பு மறைந்திருந்தது. எதிர்க்கும் ஆற்றல் அற்ற உடல், வரும் மச்சையையும் எதிர்க்காது. போரின் ஒரு முனை தானாகவே மூடிக்கிடந்தது.

அதை உணர்ந்தவர்களுள் முதன்மையானவர் மினசோற்றா பல்கலைக்கழகத்தின் றொபேட் குட். 1968 இல் ஐந்து மாத ஆண் குழந்தை ஒன்று அவரிடம் கொண்டுவரப்பட்டது. அக்குடும்பத்தில் முந்தைய தலைமுறைகளிலும் ஆண் குழந்தைகள் இவ்வாறே இறந்திருந்தன. குழந்தைக்கு நான்கு சகோதரிகள். அவர்களுள் ஒருத்தியின் அடையாளம் நெருங்கிப் பொருந்தியது. அச்சிறுமியின் மச்சை குழந்தைக்குச் செலுத்தப்பட்டது, வேரூன்றியது. பின்னர், எதிர்பார்த்த இரண்டாம் ஆபத்து தலைகாட்டி, குழந்தையின் குருதி உற்பத்தி நின்றுபோயிற்று. மருத்துவர்கள் அதே சகோதரியின் மச்சையை மீண்டும் செலுத்தினர். குழந்தை பிழைத்து, வளர்ந்து, முழு மனிதனானான். அதே ஆண்டில் விஸ்கொன்சினில் பிரிற்ஸ் பாக் தலைமையிலான குழுவினர், விஸ்கொற் - ஓல்ட்றிச் என்ற வேறொரு நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள சிறுவனுக்கு மச்சை மாற்றினர். கைவிடப்பட்ட துறைக்கு உயிர் வந்தது. சியாற்றிலில் நாய்களில் பரிசோதனையைத் தொடர்ந்துகொண்டிருந்த தோமஸ் குழுவினர், எழுபதுகளில் குருதிப் புற்றுநோயிலும் இதைச் சாதித்துக் காட்டினர். 1990 இல் தோமசுக்கு நோபல் பரிசின் பங்கு கிடைத்தது.

பொருந்தும் உடன்பிறப்பு இல்லாத குழந்தையின் கதி என்ன? அதற்கு உலகறிந்த விடை டேவிட் வெற்றர். 1971 இல் அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரில் பிறந்த இச்சிறுவன், பிறந்த சில கணங்களிலேயே கிருமி நீக்கிய பிளாஸ்ரிக் கூட்டுக்குள் வைக்கப்பட்டான். அவனுடைய அண்ணன் ஏற்கெனவே இந்நோயால் இறந்திருந்தான். அக்காவின் மச்சை பொருந்தவில்லை. வழி ஒன்று பிறக்கும் என்ற நம்பிக்கையில் பன்னிரண்டு ஆண்டுகள் அவன் அக்கூட்டுக்குள் வாழ்ந்தான். பெற்ற தாயும் கையுறை வழியாகவே அவனைத் தொட்டாள். 1983 ஒக்டோபரில், பொருந்தாத அக்காவின் மச்சையே பக்குவப்படுத்திச் செலுத்தப்பட்டது. அந்த மச்சையில் உறங்கிக் கிடந்த வைரசு ஒன்றை அன்றைய பரிசோதனைகளால் கண்டறிய முடியவில்லை. எதிர்ப்பற்ற உடலில் அது புற்றுநோயை விளைவித்தது. 1984 பெப்ரவரியில் கூட்டுக்கு வெளியே எடுக்கப்பட்ட டேவிட்டைத் தாய் முதன்முறையாகத் தோலோடு தோல் தொட்டாள். அம்மாதம் 22 ஆம் திகதி அவன் இறந்தான். அவனை அவ்வாறு வளர்த்தது கருணையா கொடுமையா என்ற கேள்வி இன்னும் முடிவுறவில்லை. வழி திறக்குமுன்பே குழந்தையைக் காக்கவைத்த மருத்துவர்களை நான் குற்றஞ்சாட்டமாட்டேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் விலையைச் செலுத்தியவன் அவனே என்பதை மறக்கவும் கூடாது.

இலண்டனிலும் ஒரு தாய் இருந்தார். 1973 இல் வெஸ்ற்மினிஸ்ரர் சிறுவர் வைத்தியசாலையில், நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள ஒரு சிறுவனுக்கு உறவினர் அல்லாத ஒருவரின் மச்சை செலுத்தப்பட்டு அவன் பிழைத்தான். விஸ்கொற் - ஓல்ட்றிச் நோயுடன் பிறந்த தன் மகன் அன்ரனிக்கும் எங்கோ ஒருவர் பொருந்தக்கூடும் என்று நம்பிய ஷேர்லி நோலன், 1974 இல் கொடையாளர் பதிவேடு ஒன்றைத் தொடக்கினார். மகனுக்குப் பொருந்தியவர் கிடைக்கவேயில்லை. 1979 இல் அவன் இறந்தான். பதிவேடு நின்றது. இன்று உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்துள்ளனர்.

பின்வந்த முன்னேற்றங்கள் பல. எண்பதுகளின் தொடக்கத்தில் யாயிர் றைஸ்னர் முதலானோர், சோயா அவரையிலிருந்து பெற்ற ஒரு புரதத்தின் துணையுடன், தாக்கும் கலங்களை மச்சையிலிருந்து நீக்கினர். பாதி மட்டுமே பொருந்தும் தாயோ தந்தையோ இதனால் கொடையாளியாக முடிந்தது. 1993 இல் டேவிட்டின் நோய்க்குக் காரணமான மரபணு கண்டறியப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் பாரிசின் நெக்கர் வைத்தியசாலை மருத்துவர்கள், குழந்தையின் சொந்த மூலக்கலத்திலேயே அந்த மரபணுவைத் திருத்தி வெற்றி கண்டனர். பின்னர் சில குழந்தைகளுக்கு அச்சிகிச்சையே குருதிப் புற்றுநோயைத் தந்தது. பாதுகாப்பான முறைகள் அதன் பின்னரே வந்தன. 2008 இல் விஸ்கொன்சின் மாநிலம், பிறந்த குழந்தைகள் அனைவரிடமும் இந்நோய்க்கான பரிசோதனையைத் தொடங்கிற்று. மூன்றரை மாதங்களுக்குள் சிகிச்சை பெற்ற குழந்தைகளுள் 94 வீதமானோர் பிழைத்தனர் என்று 2014 இல் அமெரிக்க ஆய்வொன்று கூறியது. குதிக்காலில் எடுக்கும் சில துளிக் குருதி, பிளாஸ்ரிக் கூட்டை வரலாறாக்கியது.

எதிர்ப்பு இல்லாமை ஒரு நோய் என்றால், எதிர்ப்பு திசைமாறித் தன் உடலையே தாக்குவது அதன் மறுபக்கம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியிலிருந்து மருத்துவர்கள் அந்நோய்களிலும் இவ்வழியைச் சோதித்தனர். நோயாளியின் சொந்த மூலக்கலங்களைச் சேமித்து வைத்து, பழைய எதிர்ப்புப் படையை மருந்தால் அழித்து, சேமித்தவற்றைத் திருப்பிச் செலுத்துவது அம்முறை. புதிதாய்ப் பிறக்கும் படை பழைய பகையை மறந்திருக்கும் என்பது எதிர்பார்ப்பு. நரம்புறையைச் சிதைக்கும் நோயில் கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகர மருத்துவர்கள் முன்னோடிகளாயினர். அந்நோயுடைய 110 பேரிடம் நடத்தி 2019 இல் வெளியான ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களுள் 34 பேருக்கு நோய் முற்றியது. மூலக்கலம் பெற்றவர்களுள் மூவருக்கே முற்றியது. ஆனால் தோலும் உள்ளுறுப்பும் இறுகும் நோயில் 2014 இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு வேறொரு பாடமும் சொன்னது. நீண்ட காலத்தில் பலன் தந்த அதே சிகிச்சை, முதல் ஆண்டுக்குள் 79 பேரில் எண்மரின் உயிரைப் பறித்தது. மூலக்கலம் என்ற சொல்லை வைத்து எந்நோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வோரிடம் பணத்தைக் கொடுக்குமுன் இக்கணக்கை நினைவிற்கொள்வது நல்லது.

எம்மவர்க்கு இதில் நேரடியான தொடர்பு ஒன்றுண்டு. எச்.எல்.ஏ. அடையாளங்கள் வம்சாவழியோடு செல்பவை. அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014 இல் வெளியான கட்டுரையின்படி, ஐரோப்பிய வம்சாவழியினர் நால்வரில் மூவருக்கு முழுமையாகப் பொருந்தும் கொடையாளி கிடைக்கக்கூடும். தெற்காசியருக்கோ மூவரில் ஒருவருக்குத்தான். பாதிப் பொருத்த முறை இடைவெளியைக் குறைத்திருப்பினும் மூடிவிடவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1986 முதல் மச்சை மாற்றம் செய்து வருகிறது. 2009 இல் சென்னையில் தாத்ரி பதிவேடு தொடங்கப்பட்டது. ஆயினும் பெயர் பதிய எம்மவர் தயங்குகின்றனர். முதுகெலும்பில் துளையிடுவார்கள் என்ற அச்சம் பரவலாக உண்டு, அது தவறு. பெரும்பாலான கொடைகள் இன்று கையிலுள்ள நாளத்திலிருந்தே, சில மணிநேரத்தில் பெறப்படுகின்றன. எடுத்த கலங்கள் சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும்.

ரொரன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சென்னையிலும் வாழும் இளைய தலைமுறையினரிடம் நான் கேட்பது ஒன்றுதான். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்துப் பெயரைப் பதிந்து வையுங்கள். அன்ரனி நோலனுக்கு ஒருவர் கிடைக்காமற்போனதற்குக் காரணம், அன்று பெயர் பதிந்தவர்கள் மிகச் சிலரே என்பதுதான். எங்கள் குழந்தைகளுக்கும் அதே காரணம் சொல்லப்படக் கூடாது.