சீனாவில் வார இறுதிக் குடும்ப ரயில் பயணம்

சீனாவின் பெருநகரங்களில் வாழும் குடும்பங்கள் சனி, ஞாயிறு விடுமுறையில் அண்டை நகரம் ஒன்றுக்கு ரயிலில் சென்று, ஓர் இரவு தங்கியோ அன்றைக்கே திரும்பியோ வரும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. பெய்ஜிங்கிலிருந்து தியான்ஜின், ஷாங்காயிலிருந்து ஹாங்சோ அல்லது சூசோ, செங்டுவிலிருந்து சோங்சிங் ஆகியவை இவ்வாறு அடிக்கடி மேற்கொள்ளப்படும் பயணங்கள். பார்வைக்கு இது மிகச் சாதாரணமான செயல். தாய், தந்தை, குழந்தை, சில வேளைகளில் தாத்தா பாட்டியும் சேர்ந்து ஒரு சிறு பையுடன் கிளம்புகிறார்கள். ஏரிக்கரையில் நடக்கிறார்கள், ஊர்ப் பலகாரம் சாப்பிடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள்.

ஆனால் இந்தச் சாதாரணப் பயணம் அமைய ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சனிக்கிழமை விடுமுறை வேண்டும்; எவரிடமும் அனுமதிக் கடிதம் வாங்காமல் ஊர் விட்டு ஊர் செல்ல முடிய வேண்டும்; ஒரு நாளைத் தின்றுவிடாத ரயிலும் வேண்டும். சீனத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இம்மூன்றும் ஒருசேரக் கிடைத்தது மிக அண்மையில்தான். அதற்கு முன் பல பத்தாண்டுகளாக, ரயில் என்பது பிரிந்து வாழும் குடும்பத்தினர் ஒருவரையொருவர் காணச் செல்வதற்கான வாகனமாகவே இருந்தது. குடும்பமாகச் சேர்ந்து செல்வதற்கான வாகனமாக அது மாறியது பிற்காலத்தில்தான்.

தொடக்க கால ரயில்கள்

சீனாவில் பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ரயில் பாதை, 1876-இல் ஷாங்காய்க்கும் வூசோங்குக்கும் இடையே பிரித்தானிய வணிகர்களால் அமைக்கப்பட்டது. சாலை போடுவதாகச் சொல்லி நிலம் வாங்கி, அரசின் இசைவு பெறாமலே தண்டவாளம் பதித்தனர். சிங் பேரரசு அப்பாதையை விலைக்கு வாங்கி, 1877-இல் பெயர்த்தே எடுத்துவிட்டது. 1881-இல் தாங்ஷான் நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் போடப்பட்ட சிறு பாதையில் தொடக்கத்தில் கோவேறு கழுதைகளே வண்டிகளை இழுத்தன என்பர். இப்பாதை நீட்டிக்கப்பட்டு 1888-இல் தியான்ஜினையும், 1897-இல் பெய்ஜிங் மதிலுக்கு வெளிப்புறத்தையும் எட்டியது. சீனப் பொறியாளர் ஜான் தியான்யூ தலைமையில் கட்டப்பட்ட பெய்ஜிங்–ஜாங்ஜியாகோ பாதை 1909-இல் திறக்கப்பட்டது.

இன்பப் பயணத்துக்கு ரயிலை முதலில் பயன்படுத்தியவர்கள் வெளிநாட்டவர்களே. பெய்ஜிங், தியான்ஜின் நகரங்களில் வாழ்ந்த தூதரகத்தினரும் சமயப் பரப்பாளர்களும் வணிகர்களும் கோடையில் குடும்பத்துடன் பெய்தாய்ஹே கடற்கரைக்கு ரயிலில் சென்றனர். 1898-இல் சிங் அரசு அதைக் கோடை வாழிடமாக அறிவித்தது. சீன நடுத்தர வகுப்பினருக்கு இவ்வழக்கத்தை அறிமுகப்படுத்தியதில் ஒரு வங்கிக்குப் பங்கு உண்டு. ஷாங்காயைச் சேர்ந்த வங்கியாளர் சென் குவாங்ஃபு 1923-இல் தம் வங்கியில் பயணத் துறை ஒன்றைத் தொடங்கினார். 1924 வசந்த காலத்தில் அத்துறை ஷாங்காயிலிருந்து ஹாங்சோவுக்குத் தனி ரயிலில் சுற்றுலாக் குழுவை அழைத்துச் சென்றது. அத்துறையே 1927-இல் சீனப் பயண நிறுவனமாயிற்று. இன்று ஷாங்காய்க் குடும்பங்கள் மேற்கு ஏரியைக் காணச் செல்லும் அதே வழிதான். அன்று அது வசதி படைத்த சிலருக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பின்னர் வந்த போர்க்காலத்தில் இன்பப் பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று.

உறவினரைக் காணும் விடுப்பு

1949-க்குப் பின் தொழிற்சாலை, அலுவலகம், பள்ளி ஆகிய ஒவ்வொன்றும் 'தான்வெய்' எனப்படும் பணி அலகாக அமைந்தது. வீடு, மருத்துவம், உணவுச் சீட்டு யாவும் அதன் வழியாகவே கிடைத்தன. 1958-இல் வகுக்கப்பட்ட 'ஹூகோ' என்னும் குடிப்பதிவுச் சட்டம், ஒருவர் எந்த ஊருக்கு உரியவர் என்பதை நிலைநிறுத்தியது. வேறு ஊருக்குச் சென்று விடுதியில் தங்க வேண்டுமானால் பணி அலகின் அறிமுகக் கடிதம் தேவைப்பட்டது. வார ஓய்வு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். துணி துவைக்கவும் அரிசி, நிலக்கரி வாங்கவும் அந்த ஒரு நாள் சரியாகப் போய்விடும்.

இக்காலத்தில் கணவனுக்கு ஒரு நகரிலும் மனைவிக்கு மற்றொரு நகரிலும் பணி ஒதுக்கப்படுவது அரிதன்று. குழந்தை பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடம் அல்லது தாத்தா பாட்டியிடம் வளர்ந்தது. இத்தகையோருக்காக 'உறவினரைக் காணும் விடுப்பு' என்ற ஏற்பாடு 1958-இல் உருவாக்கப்பட்டு, 1981-இல் திருத்தப்பட்டது. அந்த விதிகளைப் படித்தாலே அக்காலக் குடும்ப வாழ்வு கண்முன் நிற்கும். பிரிந்து வாழும் கணவன் அல்லது மனைவியைக் காண ஆண்டுக்கு ஒரு முறை 30 நாள். திருமணமாகாதவர் பெற்றோரைக் காண ஆண்டுக்கு ஒரு முறை 20 நாள். திருமணமானவர் தம் பெற்றோரைக் காண நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை 20 நாள்.

நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு மகன் தன் 25-ஆம் வயதிலிருந்து 45-ஆம் வயது வரை இவ்விதியின்படி தாய் தந்தையைக் காணச் செல்லக்கூடிய தடவைகள் ஐந்து. எனவேதான் பச்சை வண்ணம் பூசிய அந்தக் கால ரயில் பெட்டிகள், 'கடின இருக்கை' வகுப்பின் நெரிசல், பெட்டி முனையில் கொதிக்கும் வெந்நீர்க் கொதிகலன், சூரியகாந்தி விதைத் தோல் சிதறிய தரை ஆகியவை அத்தலைமுறையினரின் நினைவில் பிரிவோடும் சந்திப்போடும் பின்னிக் கிடக்கின்றன.

1980-களில் நிலை தளர்ந்தது. அடையாள அட்டை அறிமுகமானதால் அறிமுகக் கடிதத்தின் தேவை படிப்படியாகக் குறைந்தது. ஆனால் சனிக்கிழமை இன்னும் வேலை நாளாகவே இருந்தது.

சனிக்கிழமை விடுமுறையானது

1994 மார்ச்சில் வார வேலை நேரம் 44 மணியாகக் குறைக்கப்பட்டது. நடைமுறையில் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. 1995 மார்ச்சில் சீன அரசவை வெளியிட்ட முடிவின்படி, அவ்வாண்டு மே 1 முதல் வாரத்துக்கு ஐந்து நாள், 40 மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. புதிய விதியின் கீழ் வந்த முதல் சனிக்கிழமை மே 6. உடனே மாற முடியாத நிறுவனங்களுக்கு 1997 மே வரை அவகாசம் தரப்பட்டது.

1999-இல் அரசு நீண்ட விடுமுறைகளையும் ஏற்படுத்தியது. 'பொன் வாரம்' எனப்படும் இதற்கு, மூன்று நாள் அரசு விடுமுறையுடன் அருகிலுள்ள சனி, ஞாயிறுகளைக் கூட்டி ஏழு நாளாக்கினர். அவ்வாறு எடுத்துக்கொண்ட சனி, ஞாயிறுகளுக்கு ஈடாக வேறொரு வார இறுதியில் வேலை செய்ய வேண்டும். இன்று வரை சீன மக்கள் இந்த ஏற்பாட்டைக் குறைகூறி வருகின்றனர். பொன் வாரத்தில் நாடே ஒரே நேரத்தில் புறப்படுவதால் பெருஞ்சுவரில் நிற்கவும் இடம் கிடைப்பதில்லை. நிதானமாகக் குழந்தையுடன் ஊர் சுற்ற விரும்புவோர் சாதாரண வார இறுதியை நாடியதற்கு இதுவும் ஒரு காரணம். 2008-இல் மே மாதப் பொன் வாரம் நீக்கப்பட்டு, சிங்மிங், டிராகன் படகு விழா, நடு இலையுதிர் விழா ஆகியவை தனித்தனி விடுமுறைகளாயின.

முப்பது நிமிடப் பயணம்

1997 முதல் 2007 வரை சீன ரயில்வே ஆறு முறை தன் வண்டிகளின் வேகத்தை உயர்த்தியது. ஆயினும் வார இறுதிப் பயணத்தின் உண்மையான தொடக்கம் 2008 ஆகஸ்ட் 1 எனலாம். அன்று பெய்ஜிங்–தியான்ஜின் நகரிடை அதிவேகப் பாதை திறக்கப்பட்டது. ஒலிம்பிக் போட்டிக்கு ஒரு வாரமே இருந்தது. சுமார் 120 கிலோமீட்டர் தொலைவை, மணிக்கு 350 கிலோமீட்டர் வரை வேகமெடுத்த வண்டிகள் அரை மணி நேரத்தில் கடந்தன. இரண்டாம் வகுப்புக் கட்டணம் 58 யுவான். திறப்பு நாள் வெள்ளிக்கிழமை, மறுநாள் சனிக்கிழமை.

தியான்ஜின் இத்தகைய பயணத்துக்கென்றே அமைந்தாற்போன்ற நகரம். 1860-இல் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டபின் ஒன்பது நாடுகள் அங்கு குடியிருப்புப் பகுதிகளைப் பெற்றன. ஆகவே 'ஐந்து பெருஞ்சாலைகள்' எனப்படும் பகுதியில் ஐரோப்பிய பாணி மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. கடைசிச் சீனப் பேரரசர் புயி, அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்டபின் 1925 முதல் 1931 வரை இந்நகரில் வாழ்ந்தார். தியான்ஜின் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே ஹாய்ஹே ஆறு. ஆற்றுப் பாலத்தின் மேலேயே நிற்கும் 120 மீட்டர் உயர ராட்டினம் குழந்தைகளுக்கு. தேநீர்க் கடைகளில் நடக்கும் 'சியாங்ஷெங்' என்னும் நகைச்சுவை உரையாடல் கலை பெரியவர்களுக்கு. காலை உணவு 'ஜியான்பிங்'. பச்சைப்பயறு மாவைத் தோசைபோல் வார்த்து, மேலே முட்டை ஊற்றிப் பரப்பி, எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டை உள்ளே வைத்துச் சுருட்டித் தருவார்கள். பெசரட்டு அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

2010 அக்டோபரில் ஷாங்காய்–ஹாங்சோ அதிவேகப் பாதையும், 2011 ஜூன் 30-இல் 1,318 கிலோமீட்டர் நீளமுள்ள பெய்ஜிங்–ஷாங்காய் பாதையும் திறக்கப்பட்டன. 2024 இறுதியில் சீன அதிவேகப் பாதைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 48,000 கிலோமீட்டர்.

வென்சோ விபத்து

இந்த வேகத்துக்கு ஒரு விலையும் கொடுக்கப்பட்டது. 2011 ஜூலை 23 சனிக்கிழமை இரவு, கோடை விடுமுறைக் காலம். ஜெஜியாங் மாகாணத்தின் வென்சோ நகருக்கு அருகில் இடி மின்னலால் சைகைக் கருவிகள் பழுதுற்றன. மெதுவாகச் சென்றுகொண்டிருந்த ஒரு வண்டியின் மீது பின்னால் வந்த வண்டி மோதியது. மேம்பாலத்திலிருந்து பெட்டிகள் கீழே விழுந்தன. 40 பேர் இறந்தனர். 170-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

மீட்புப் பணி முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட பிறகு, விபத்து நடந்து 20 மணி நேரத்துக்கு மேல் கழித்து, இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று பெட்டிக்குள்ளிருந்து உயிருடன் மீட்கப்பட்டது. அதன் தாயும் தந்தையும் இறந்துவிட்டிருந்தனர். நொறுங்கிய பெட்டியை விபத்து நடந்த இடத்திலேயே மண்ணில் புதைக்க முயன்ற செய்தி பரவியதும் வெய்போ சமூக வலைத்தளத்தில் சினம் பொங்கியது. குழந்தை உயிர் பிழைத்ததை அதிசயம் என்று ரயில்வே அமைச்சகப் பேச்சாளர் கூறியது அச்சினத்தை மேலும் வளர்த்தது. தேடுதலை நிறுத்தியது யார் என்பதே மக்கள் கேட்ட கேள்வி. அதிசயம் என்பது அதற்கு விடையாகாது.

டிசம்பரில் வெளியான விசாரணை அறிக்கை, மின்னலை மட்டும் குற்றம் சொல்லவில்லை. சைகைக் கருவியின் வடிவமைப்பில் இருந்த பெருங்குறைகளையும் மேலாண்மைத் தவறுகளையும் அது சுட்டியது. அதிவேகப் பாதைகளை விரைந்து கட்டிய அமைச்சர் லியூ ஜிஜுன், ஊழல் குற்றச்சாட்டில் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே பதவி நீக்கப்பட்டிருந்தார். வண்டிகளின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. 2013-இல் ரயில்வே அமைச்சகமே கலைக்கப்பட்டது. 350 கிலோமீட்டர் வேகம் மீண்டும் வந்தது 2017-இல், பெய்ஜிங்–ஷாங்காய் பாதையில்.

சீட்டும் குழந்தையும்

முன்பு சீட்டு வாங்க இரவெல்லாம் வரிசையில் நின்றனர். கள்ளச் சந்தையில் விற்போரும் பெருகியிருந்தனர். 2011-இல் இணைய விற்பனை தொடங்கியது. 2012 முதல் எல்லா வண்டிகளுக்கும் பயணியின் பெயர், அடையாள அட்டை எண் பதிந்த சீட்டு கட்டாயமாயிற்று. கடிதமின்றிப் பயணம் செய்யும் உரிமை கிடைத்த மக்கள், ஒவ்வொரு பயணமும் பதிவாகும் முறைக்குள் வந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கு நெடுங்காலம் உயரமே அளவுகோல். 1.2 மீட்டருக்குக் குறைந்தால் இலவசம், 1.5 மீட்டர் வரை சலுகை. சுவரில் வரைந்த கோட்டின் முன் குழந்தையை நிறுத்தி அளப்பார்கள். உயரமாக வளர்ந்த பிள்ளையின் பெற்றோர் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 1 முதல் வயதே அளவாயிற்று. ஆறு வயதுக்குட்பட்ட ஒரு குழந்தையைப் பெரியவர் ஒருவர் தனி இருக்கையின்றி இலவசமாக அழைத்துச் செல்லலாம். ஆறு முதல் பதினான்கு வயது வரை சலுகைக் கட்டணம்.

போகிறவர்களும் போகாதவர்களும்

2023 வசந்தத்தில் ஷான்டோங் மாகாணத்தின் தொழில் நகரான சிபோ, தீயில் வாட்டிய இறைச்சிக்காகத் திடீரென நாடறிந்த ஊராயிற்று. சிறு அடுப்பில் தாமே வாட்டி, மெல்லிய ரொட்டியில் வெங்காயத் தாளுடன் சுருட்டி உண்பது அவ்வூர் முறை. மாணவர்கள் தொடங்கிவைத்த அலை இது. மார்ச் இறுதியில் ஜினானிலிருந்து சிறப்பு ரயிலே விடப்பட்டது.

ஆனால் இரண்டு நாள் விடுமுறை எல்லாருக்கும் கிடைப்பதில்லை. காலை 9 முதல் இரவு 9 வரை வாரம் ஆறு நாள் உழைக்கும் '996' முறையைச் சட்டவிரோதம் என்று உச்ச மக்கள் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் தெளிவுபடுத்த வேண்டியிருந்தது. நாட்டுப்புறத்திலிருந்து நகரத் தொழிற்சாலைகளுக்கு வந்தோரின் பிள்ளைகள், ஹூகோ காரணமாக நகரப் பள்ளிகளில் சேர இடர்ப்பட்டு, பலர் ஊரிலேயே விடப்பட்டனர். 2016-இல் அரசு எடுத்த கணக்கின்படி இத்தகைய 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 90 இலட்சத்துக்கு மேல். கோடை விடுமுறையில் பெற்றோரைக் காண ரயிலேறி நகரத்துக்கு வரும் இவர்களைச் 'சிறு வலசைப் பறவைகள்' என்று சீன நாளேடுகள் அழைக்கின்றன. பள்ளி திறக்கும் ஆகஸ்ட் இறுதியில் அவர்கள் மீண்டும் ஊருக்கு ரயிலேறுகிறார்கள்.